கிணற்றில் எத்தனை படி தெரியுது?

டார்ட்மத், ஹாலிஃபாக்ஸ்,
கனடா
டிசம்பர் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்கே நல்ல சுகம். நீயும் தம்பியும் உன் மருமகளும் பாப்பாவும் சுகமாக இருக்க உவரி சுயம்புலிங்க சாமியை வேண்டிக்கொள்கிறேன். முழங்கால் வலிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதே.

"போன்ல பேசுனது போனோட போயிருதுப்பா. ஒரு கடுதாசி போடு, வச்சுப் படிப்பேன்" என்று போன ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். அன்றைக்கே உட்கார்ந்தேன். நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. இன்றைக்குத் தேதி 9. இன்றைக்கு எழுதினால் வரும் என்று தோன்றியது.

டிசம்பர் 9 ராத்திரி அப்பா சாப்பிடமாட்டார். சின்ன வயசில் அதை ஏதோ விரதம் என்று நினைத்திருந்தேன். "அப்பாவுக்கு வயிறு சரியில்ல, நீ சாப்பிடு" என்று நீயும் சொல்லிவிடுவாய். எனக்குப் பதினாறு வயசானபோது மொட்டைமாடியில் வைத்து, நான் கேட்காமலே சொன்னார். 1971 டிசம்பர் 9 ராத்திரி, டையூவுக்கு அப்பால் கடலில் நம் நேவியின் குக்ரி கப்பலைப் பாகிஸ்தான் நீர்மூழ்கி டார்ப்பிடோ போட்டு மூழ்கடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கேப்டன் முல்லா கப்பலை விட்டு இறங்காமல் அதோடேயே போனார். அந்த 176 பேரில் ஒருவர், நேவியில் சேர்ந்த புதிதில் விசாகப்பட்டினம் சர்க்கார்ஸ் தளத்தில் அப்பாவோடு பயிற்சி எடுத்தவர். அடுத்தடுத்த கட்டில். பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், "அவன் நல்லாப் பாடுவான்ல" என்றார். அப்புறம் கீழே இறங்கிப் போய்விட்டார். அதற்கு முன்னாலும் பேசியதில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. இன்று ராத்திரி நானும் உலை வைக்கவில்லை அம்மா. திட்டாதே. நாளைக்குக் காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிடுவேன்.

ஊரைப் பற்றிக் கேட்டிருந்தாய். இது அப்பாவுக்குப் பிடித்திருக்கக்கூடிய ஊர். துறைமுகம் ஒன்று நடுவில், இந்தப் பக்கம் டார்ட்மத், அந்தப் பக்கம் ஹாலிஃபாக்ஸ். கனடா நேவிக்கு அட்லாண்டிக் பக்கத்துத் தலைமையிடம் இங்கேதான். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால் அவரோ அவர் அப்பாவோ தாத்தாவோ கப்பலில் இருந்திருப்பார்கள். நான் வேலை பார்க்கும் பட்டறை டார்ட்மத் பக்கம். மீன்பிடி போட்டுகளுக்குக் குழாய் வேலை. அறையிலிருந்து நடந்து போகிற தூரம். லீவு நாளில் ஃபெர்ரி ஏறி அந்தக் கரைக்குப் போவேன். 1752இலிருந்து இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் படகு ஓடிக்கொண்டிருக்கிறதாம். கால் மணி நேரம்கூட ஆகாது. குளிரானாலும் மேல்தட்டில்தான் நிற்பேன், உள்ளே உட்கார மனசு வராது.

இப்போது சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. இதுதான் கஷ்டம். குளிரைக்கூடச் சமாளித்துக்கொள்ளலாம், நாலு சட்டை போட்டால் சரி. வேலை முடிந்து வெளியே வந்தால் ராத்திரி மாதிரி இருப்பது இரண்டு வருஷமாகியும் பழகவில்லை.

நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு சிட்டாடல் குன்றின் மேல் ஒரு பீரங்கி வெடிக்கும். தினமும். கிறிஸ்துமஸ் அன்றைக்கு மட்டும் கிடையாது. காற்று இந்தப் பக்கம் அடித்தால் பட்டறை வரை கேட்கும். அப்போது அங்கே ராத்திரி ஒன்பதரை. நீ பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிற நேரம். சத்தம் கேட்டதும் எனக்கு அந்தத் தாழ்ப்பாள்தான் ஞாபகம் வரும். அப்பா அதை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். ரிட்டயர் ஆகி வந்து எத்தனை வருஷமானாலும் அந்த 'ரவுண்ட்ஸ்' நின்றதே இல்லை. ராத்திரி பன்னிரண்டுக்குக் கால் மணி முன்னால் எழுந்து, டார்ச்சை எடுத்துக்கொண்டு கேஸ் ரெகுலேட்டர், தாழ்ப்பாள், மாட்டுத்தொழுவம், மோட்டார் ரூம் என்று பார்த்துக்கொண்டு வந்து, கடைசியில் எங்கள் கொசுவலை மேல் ஒரு தடவை வெளிச்சம் அடிப்பார். நான் முழித்துக்கொண்டுதான் இருப்பேன். கண்ணைத் திறக்கமாட்டேன். அந்த வெளிச்சம் வந்து போனபிறகு வரும் தூக்கம் மாதிரி ஒரு தூக்கம் அப்புறம் எனக்கு வாய்க்கவில்லை.

ஒரு கப்பலைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டும். ஹாலிஃபாக்ஸ் கரையில் கோடைக்காலத்தில் சாக்வில் என்று ஒரு பழைய போர்க்கப்பல் கட்டியிருக்கும். இரண்டாம் உலகப் போரில், 1941இல் பணிக்கு வந்தது. சரக்குக் கப்பல்களுக்குத் துணையாக அட்லாண்டிக்கைக் கடக்க இந்த மாதிரிச் சின்னக் கப்பல்களை நூற்றுக்கணக்கில் கட்டினார்கள். அந்த வகையில் இன்றைக்கு உலகத்திலேயே மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். உள்ளே போய்ப் பார்க்கலாம். மாலுமிகள் படுக்கிற தொங்கல் படுக்கையெல்லாம் அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். குனிந்துதான் நடக்கவேண்டும். அங்கே சுற்றிக்காட்டிய பெரியவர் நேவியில் இருந்தவர். 1944இல் இந்தக் கப்பலின் ஒரு பாய்லர் சரிசெய்ய முடியாதபடி கெட்டுவிட்டது, அதனால் போர் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றார். எனக்கு அங்கேயே நெஞ்சு அடைத்துக்கொண்டது. "எங்க அப்பா கப்பல்லயும் ஒரு பாய்லர் கெட்டுப்போச்சு. ஆனா அந்தக் கப்பல் போருக்குப் போச்சு" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "உட்கார், சொல்லு" என்றார்.

அவருக்குச் சொன்னதை உனக்கும் எழுதுகிறேன். உனக்கு அப்பா இதைச் சொல்லியிருப்பாரோ என்னவோ. கல்யாணத்துக்குப் பத்து வருஷம் முந்தி நடந்தது. அப்பா இருந்தது விக்ராந்த் என்ற விமானம்தாங்கிக் கப்பல். அதில் நான்கு பாய்லர்கள். ஒன்றில் விரிசல். முழு வேகம் போக முடியாது. வேகம் குறைந்த கப்பலிலிருந்து விமானத்தைக் கிளப்புவது சுலபம் இல்லை, எதிர்க்காற்று வேண்டும். அதனால் அந்தக் கப்பலைச் சண்டைக்கு அனுப்பலாமா கூடாதா என்றே பெரிய பேச்சு நடந்திருக்கிறது. கடைசியில் அந்தமான் பக்கம் கொண்டுபோய் நிறுத்தி வைத்தார்கள். 1971 டிசம்பர் 4ஆம் தேதி அதிலிருந்து சீ ஹாக் விமானங்கள், இன்றைக்கு வங்கதேசமாக இருக்கும் கிழக்குப் பாகிஸ்தானில், காக்ஸ் பஜாரைத் தாக்கப் போயின. அப்புறம் சிட்டகாங். அப்பாவுக்கு அப்போது பத்தொன்பது வயசு. லோனாவ்லாவில் எஞ்சின் படிப்பை முடித்துவிட்டு வந்த புது ஸ்டோக்கர், பாய்லர் வேலை பார்ப்பவர்.

சண்டை முடிகிற வரைக்கும் ஒரு விமானம் கிளம்பியதைக்கூட அவர் கண்ணால் பார்க்கவில்லை. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, பாய்லர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். மேலே விமானத்தைத் தள்ளிவிடுகிற கேட்டபுல்ட்டுக்கும் நீராவிதான். ஒவ்வொரு விமானம் போகும்போதும் நீராவி ஒரு இழு இழுக்கும், அழுத்தம் காட்டுகிற கேஜ் முள் 'சட்'டென்று இறங்கும், அப்புறம் மெள்ள ஏறும். "முள்ளு இறங்குனா ஒருத்தன் போயிட்டான்னு அர்த்தம். எத்தன தடவ இறங்குச்சுன்னு எண்ணி வச்சுக்கிடுவேன். திரும்பி வந்தது எத்தனன்னு மேல இருந்து வாரவன்கிட்ட கேப்பேன்" என்பார். இதைச் சொல்லும்போது ஆள்காட்டி விரலை நிமிர்த்தி, முள் மாதிரி இறக்கிக் காட்டுவார். அந்த விரலில் நகத்துக்குக் கீழே ஒரு வெந்த தழும்பு, வெள்ளையாக, புளியங்கொட்டை அளவுக்கு. நீ எத்தனை வருஷம் தேங்காய் எண்ணெய் தடவியிருப்பாய்.

2014இல் அந்த விக்ராந்தை மும்பையில் உடைத்தார்கள். மூன்று நாள் அவர் பேப்பரைத் தொடவில்லை. 2022 செப்டம்பர் 2ஆம் தேதி கொச்சியில் புது விக்ராந்தைப் பணியில் சேர்த்ததை டிவியில் காட்டியபோது, வேட்டியை அவிழ்த்துவிட்டுப் பேண்ட் மாட்டிக்கொண்டு வந்து, டிவி முன்னால் அட்டென்ஷனில் நின்றாரே. பாப்பாவும் பக்கத்தில் போய் நின்றாள். அந்தப் போட்டோவை இங்கே கட்டில் தலைமாட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

பனையேறியின் மகன் அவர். பாளை சீவ மேலே ஏறினால் உவரிக் கடல் தெரியும் என்று தாத்தா சொல்வாராம், அதைக் கேட்டுத்தான் கடல் ஆசையே வந்தது என்பார். 1969இல் நேவிக்குப் போனவர் 1996இல் திரும்பினார். மாஸ்டர் சீஃப் ஆகிவிட்டுத்தான் வந்தார். வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, நடுவில் கிடைத்தால் கொஞ்சம் நாள். தாதர் எக்ஸ்பிரஸில் மெட்ராஸ், எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ், அப்புறம் பஸ். கறுப்பு ட்ரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தெருமுனையில் திரும்புவார். எனக்கு நினைவு தெரிந்து, பன்னிரண்டு வயசு வரைக்கும் எனக்கு அப்பா என்றால் அந்தப் பெட்டி, அதில் வெள்ளை பெயிண்டில் எழுதிய பெயரும் நம்பரும், திறந்ததும் வருகிற நாப்தலின் உருண்டையும் கேன்டீன் சோப்பும் கலந்த வாசம். சொல்லக் கூசுகிறது, ஆனால் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல. அவர் எங்களை விட்டுவிட்டுப் போனவர் என்று ரொம்ப வருஷம் மனசுக்குள் ஒரு கோபம் வைத்திருந்தேன். ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு எல்லார் வீட்டிலும் அப்பா வருவார், எனக்கு நீதான் வந்தாய், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு ஓடி வந்து.

நான் வைத்திருந்த கோபம் தப்பு என்று இங்கே வந்து ஆறு மாசத்தில் தெரிந்துவிட்டது. பாப்பா அங்கே, நான் இங்கே. வீடியோவில் அவள் முகத்தைப் பார்க்கிறேன். "சாப்பிட்டியா, படிச்சியா" என்று கேட்டபிறகு பேச்சு இல்லை. அவள் என்னைப் பார்க்காமல் ஓரத்தில் ஓடுகிற பூனையைப் பார்க்கிறாள். அன்றைக்கு ராத்திரிதான் அப்பாவின் இன்லேண்ட் லெட்டர்கள் ஞாபகம் வந்தன. அனுப்புநர் இடத்தில் கப்பல் பெயர், ஃப்ளீட் மெயில் ஆபீஸ், பம்பாய். அவர் எந்தக் கடலில் இருந்தாலும் விலாசம் அதுதான். உள்ளே முக்கால்வாசி உனக்கு. மடிக்கிற ஓரத்தில், பசை தடவுகிற இடத்துக்கு மேலே, எனக்கு மூன்று வரி. "ரீடிங் எழுது: 1. கிணற்றில் எத்தனை படி தெரியுது? 2. மாடு எத்தனை படி பால்? 3. அம்மா இருமல் இருக்கா, இல்லையா?"

அவர் கேட்டாரே என்று ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கிணற்றுக்குப் போய், துவளக்கல்லில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்துப் படியை எண்ணுவேன். ஆனியில் பதினெட்டு, ஐப்பசி மழைக்கு அப்புறம் ஆறு. பால் அளவை உன்னிடம் கேட்பேன். உன் இருமலுக்காக ராத்திரி முழித்துக் கிடப்பேன். ஒரு தடவை 'மூன்று நாளாக இருமல்' என்று எழுதிவிட்டேன். அது பம்பாய்க்குப் போய், பதில் வருவதற்குப் பதிலாக மாமா வந்து நின்று உன்னை நாகர்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். யார் சொன்னது என்று கேட்டாயே. நான்தான்.

எஞ்சின் ரூமில் வாட்ச், அதாவது முறைக்காவல், பார்ப்பவர்கள் மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு கேஜையும் பார்த்து நோட்டில் ஏற்றுவார்கள். அழுத்தம் இவ்வளவு, சூடு இவ்வளவு, தண்ணீர் மட்டம் இவ்வளவு. எண்ணிலிருந்தே எஞ்சினுக்கு என்ன என்று தெரிந்துவிடும். இந்த வேலையை நானும் செய்கிறேன், அதனால் தெரிகிறது. ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவர் நம் வீட்டுக்கு வாட்ச் பார்த்திருக்கிறார் அம்மா. எனக்கு ஏழு வயசில் அந்த நோட்டைக் கையில் கொடுத்திருக்கிறார்.

கோபம் இல்லாமல் இன்னொன்றும் எழுதவேண்டும். மாடி வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணனைப் பற்றி. நான் அவரை அவர் வழக்கப்படி 'அண்ணை' என்றே கூப்பிடுகிறேன். முதலில் அவர் எனக்குச் சொன்ன கதை 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 ஈழத்தமிழர்களைப் பற்றி. கஸ் டால்ட்டன் என்ற மீனவர் பார்த்துக் காப்பாற்றினார். அண்ணை அதற்குச் சில வருஷம் கழித்து வந்தவர், ஆனாலும் அந்த மீனவர் பெயரைச் சொல்லும்போது உறவுக்காரரைச் சொல்வதுபோல் சொல்வார். அப்புறம் என் அப்பா என்ன வேலை என்று கேட்டார். இந்திய நேவி என்றேன். இந்திய அமைதிப்படை இலங்கையில் இருந்த 87இலிருந்து 90 வரைக்குமா என்றார். ஆமாம் என்றேன். தேநீரைக் கீழே வைத்துவிட்டார்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் அப்பாவிடம் அந்த வருஷங்களைப் பற்றி நான் கேட்டிருந்தேன். "நம்ம ஆளுக இருக்க கரை பக்கந்தான். கீழ எஞ்சின்ல இருந்தேன். வாட்ச் முடிஞ்சும் மேல வர மனசு வரலைல" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கும் மனசு வரவில்லை. அண்ணையிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் படியில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டினார். தை மாசம் அப்பா போன செய்தி வந்த ராத்திரி, வெளியே முழங்கால் அளவு பனி. என்னைக் காரில் ஏற்றி விமான நிலையத்துக்குக் கொண்டுபோனவர் அவர்தான். விமானம் எல்லாம் நின்றுபோயிருந்தது. மறுநாள் சாயங்காலம் வரைக்கும் என்னோடு அந்த நாற்காலியிலேயே இருந்தார்.

அதனால்தான் நான் ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தேன். மூத்தவன் இருக்க, தம்பி கொள்ளி வைத்தான். சொந்தக்காரர்கள் பேசியது என் காதில் விழுந்தது. நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. "முதல்ல சாப்பிடு" என்றாய். தம்பி எனக்காக அஸ்தியில் கொஞ்சம் கலயத்தில் எடுத்து வைத்திருந்தான். உவரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கரைத்தேன்.

மே மாசம் முதல் ஞாயிற்றுக்கிழமை இங்கே பாயிண்ட் பிளசண்ட் பூங்காவில், கடலில் இறந்த மாலுமிகளுக்கு அஞ்சலி செய்வார்கள். சாக்வில் கப்பல் அன்றைக்கு வெளியே வரும். இறந்துபோன பழைய நேவிக்காரர்களின் அஸ்தியை அதிலிருந்து கடலில் விடுவார்கள். நான் கரையில் கூட்டத்தோடு நின்றேன். எனக்கு அந்த ஜெபம் தெரியாது, வாயில் வந்தது திருவாசகத்தில் இரண்டு வரி. அந்தச் சுற்றிக்காட்டிய பெரியவர் என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

போன மாசம் தம்பி ட்ரங்குப் பெட்டியை ஒழுங்குபண்ணும்போது கிடைத்தது என்று ஒரு போட்டோ அனுப்பினான். உனக்கும் தெரியாது என்றான். 1979இல் தாத்தா இறந்தபோது வந்த தந்தி. 'ஃபாதர் எக்ஸ்பயர்ட் ஸ்டார்ட் இமிடியட்லி.' அப்பா கடலில் இருந்திருக்கிறார், தந்தி ஃப்ளீட் மெயில் ஆபீஸில் கிடந்திருக்கிறது. பின்பக்கம் பென்சிலில் அவர் கையெழுத்து. 'கையில் கிடைத்தது பதினோராம் நாள். மிடில் வாட்ச் பார்த்தேன்.' அவ்வளவுதான் எழுதியிருக்கிறார். அந்த ராத்திரி பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரைக்கும் அவர் கேஜைப் பார்த்துக்கொண்டு நின்றதை நினைத்தால் எனக்கு இப்போதும் கை ஓடவில்லை. போன தையில் நான் போனில் அழுதபோது, அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்து யோசித்துப் பார்ப்பேன். அந்தத் தந்தியைப் பார்த்தபிறகு யோசிப்பதை விட்டுவிட்டேன்.

சரி, சில காரியங்கள். குடும்ப பென்ஷனுக்கு லைஃப் சர்டிபிகேட் கொடுத்தாகிவிட்டதா என்று தம்பியிடம் கேட்டுச் சொல். கைரேகை விழவில்லை என்றால் விரலை வெந்நீரில் கொஞ்சம் ஊறவைத்துத் துடைத்துவிட்டு வைக்கவும். அப்பாவின் மெடல்களைப் பெட்டியிலேயே வை, சுவரில் மாட்டவேண்டாம், உப்புக் காற்றில் கறுத்துவிடும். வருஷ திதிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். இந்தத் தடவை நான்கு நாள் முன்னதாகவே கிளம்புகிறேன். உன் மருமகளுக்கும் பாப்பாவுக்கும் விசா காகிதங்கள் போய்விட்டன, பதில் வரவேண்டும். வரும்போது அண்ணைக்கு இரண்டு கிலோ கருப்பட்டி வேண்டும், பழைய கருப்பட்டியாகப் பார்த்து வாங்கி வை.

கீழே உள்ளது பாப்பாவுக்கு. நீ வாசித்துச் சொல்லவேண்டாம், அவளையே வாசிக்கச் சொல். துவளக்கல்லில் படுக்கும்போது தம்பி பக்கத்தில் நிற்கட்டும்.

உன் அன்பு மகன்

பாப்பா, ரீடிங் எழுது:
1. கிணற்றில் எத்தனை படி தெரியுது?
2. மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் கட்டபொம்மன் நேவி டவரில் எத்தனை சிவப்பு விளக்கு?
3. ஆச்சி மாத்திரை போட்டாளா, இல்லையா?

அப்பா ரீடிங், இன்று காலை 6 மணி: வெளியே மைனஸ் 7. காற்று வடமேற்கு. துறைமுகத்தில் ஐஸ் இல்லை. ஃபெர்ரி ஓடுகிறது.